கேட்பது அவிசுவாசம் அல்ல, சகோதரி

தம்பி இறந்து நாற்பது நாளாகியும் ஜெபிக்க வாய் வரவில்லை, "ஏன்?" என்று கேட்பது அவிசுவாசமா என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் புத்தகத்தில் பெரும்பகுதி அந்தக் கேள்விதான். கடவுள் யோபுவையும் கடிந்துகொண்டார். ஆனால் அவருடைய கோபம் மூண்டது, துன்பத்துக்கு விளக்கம் சொல்ல வந்த நண்பர்கள்மீது. (உங்களிடம் "தேவசித்தம்" என்று சொல்லிப் போனவர்களும் அதை வாசிக்கலாம்.)

இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு அழுதார். என் நம்பிக்கை அங்கேதான் மறுபடி துளிர்த்தது.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் மகனை அடக்கம் செய்த பிறகு, பக்கத்து வீட்டுப் பாட்டி செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட வேலை முடிந்து, சேறு காயாத காலணியோடு, ஒரு மங்கு கஞ்சி கொண்டுவந்து வாசற்படியில் உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். மங்கு காலியானதும் எழுந்து போய்விடுவார்.

இப்போதைக்குச் சங்கீதம் 88 போதும். ஆறுதலே இல்லாமல் முடிகிற ஜெபம் அது.