பள்ளிக்கூடம் கட்டுகிறவர்களின் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பள்ளிக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு. நீங்கள் கேட்டவற்றில் ஐந்துக்கு இன்று பதில்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தாளாளர்: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை 1,500 பிள்ளைகள். ரோடு மேற்குப் பக்கம். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டு ஏசி வைத்துவிடலாம் என்கிறார் எங்கள் எஞ்சினீயர். சரிதானே?

வேண்டாம் சார். மதியத்துக்கு மேல் மொத்த வெயிலும் அந்தக் கண்ணாடியில்தான் விழும். கரண்ட் பில் கட்டி மாளாது. நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். மேற்குக் கோடியில் மாடிப்படி, ஸ்டோர் ரூம், கழிப்பறை என்று வைத்துவிடுங்கள். வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும்போது கழிப்பறை நாற்றமும் வகுப்புக்குள் வராது.

ரோட்டுக்குக் குறுகிய பக்கம்தானே தெரியும் என்று வருத்தப்பட்டால், ஒருநாள் புதுச்சேரி போய் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். வடக்கு, தெற்கு முகங்கள் முழுக்கத் திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள். தெற்கில் அறைகள், வடக்கில் நடை, இடையே காற்றை விடுகிற தேக்குச் சறுக்குக் கதவுகள். கண்ணாடி முகப்பு இல்லாமலே ஊர் உலகமெல்லாம் அதைப் பார்க்க வருகிறது.

மஞ்சக்குப்பம் ஆசிரியை: நடுவில் காரிடார், இரண்டு பக்கமும் வகுப்பு. நாலாவது பீரியடுக்குள் தொண்டை கட்டிவிடுகிறது.

உங்கள் தொண்டையில் கோளாறு இல்லை அம்மா. எதிரெதிர் கதவுகள் திறந்திருந்தால் எதிர் வகுப்புக் கணக்கும் உங்கள் வகுப்புக்குள் வரும். மூடினால் காற்று நின்றுவிடும், ஃபேனை முழு வேகத்தில் வைப்பீர்கள், அந்த இரைச்சலுக்கு மேல் கத்துவீர்கள். ஒரு பக்கம் மட்டும் வகுப்பு, மறுபக்கம் திறந்த வராண்டா என்றால் இந்தத் தொல்லை பாதியாகும். செலவு கூடும்தான். ஆனால் முகப்பு அலங்காரத்தை வெட்டி, அந்தப் பணத்தை வராண்டாவில் போடச் சொல்லித்தான் எல்லா நிர்வாகத்தோடும் சண்டை போடுகிறேன். இப்போதுள்ள கட்டடத்தில், காரிடார் சுவரில் தலைக்கு மேல் வெண்டிலேட்டர் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு பெற்றோர்: சேர்க்கைக்கு முன் பள்ளியில் எதைப் பார்க்க வேண்டும்?

மாடிப்படியை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்துத் தீ கூரைக்குத் தாவியது, வெளியேற இருந்தது குறுகலான படி. ஒவ்வொரு மாடியிலிருந்தும் இறங்க, தள்ளித் தள்ளி இரண்டு படிகளாவது இருக்க வேண்டும். அகலம் ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. அப்புறம், இரண்டாவது படியின் கிரில் கேட்டில் பூட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தொங்கும்.

சிவில் மாணவர்: கடற்கரைக்கு அருகே கான்கிரீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 படி கடலோரக் காற்று படும் இடத்துக்குக் கான்கிரீட்டின் வலிமைத் தரம் குறைந்தது எம்30, கம்பிக்குக் கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம், 45 மில்லிமீட்டர். சைட்டில் ஏமாற்றுவது இந்தக் கவரில்தான். கடலுக்கு அருகே ஒரு பள்ளியில் சன்ஷேடின் அடியை விரலால் தட்டினேன். பொருக்கு பொருக்காக உதிர்ந்து, உள்ளே துருவேறி உப்பிய கம்பி தெரிந்தது. அந்தக் கனம் கிடைக்கக் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக் கட்டைக்குப் பதில் மேஸ்திரி ஜல்லியை முட்டுக் கொடுத்திருந்தார். ஒரு பாக்கெட் கவர் பிளாக் அப்படி என்ன பெரிய விலையா!

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர்: வெள்ளத்துக்குப் பயந்து தரையை மூன்றடி உயர்த்துகிறோம். சக்கர நாற்காலிக்கு?

உயர்த்துவது சரி. ராம்ப் ஓரடி ஏற 12 அடி நீளம் வேண்டும். உங்களுக்கு 36 அடி, நடுவில் நின்று மூச்சு வாங்கத் தளம் தனி. முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள். கடைசியில் சேர்த்தால் சைக்கிள் ஸ்டாண்டில் போய் முட்டும்.