பழையபடி

அன்புள்ள ஐயா,

கொலம்பிய சைக்கிள் பந்தய வீரர் ஈகன் பெர்னாலின் தீவிர ரசிகன் நான். 2022 ஜனவரியில் பஸ்ஸில் மோதி உடம்பே நொறுங்கிப் போனவர், 2025இல் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் ஒரு ஸ்டேஜை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்றதைப் பார்த்து அழுதுவிட்டேன். என் தம்பிக்கு 23 வயது. கல்லூரி அளவில் சைக்கிள் பந்தயங்களில் ஓடியவன். ஒன்பது மாதம் முன்பு லாரி இடித்து வலது தொடை எலும்பும் முழங்கால் சில்லும் உடைந்தன. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவன் சைக்கிளைத் தொடுவதே இல்லை. பிசியோதெரபிக்கும் சரியாகப் போவதில்லை. தினமும் ஒரு பெர்னால் வீடியோ அனுப்புகிறேன், திறந்துகூடப் பார்ப்பதில்லை. மாடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த அவன் சைக்கிளை இறக்கித் துடைத்து, கூடத்தில் அவன் கண்ணில் படும்படி நிறுத்தியிருக்கிறேன். மன உறுதி இருந்தால் முடியாதது உண்டா?

என் கேள்விகள்: பெர்னால் இனி இத்தாலியின் ஜிரோவைக் குறிவைப்பது நல்லதா, பிரான்ஸின் டூரையா? பழையபடி ஆகி இன்னொரு டூர் வெல்வாரா? அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால் ஸ்லோவேனிய வீரர் போகாச்சர் இவ்வளவு வென்றிருப்பாரா?

செந்தில், கோவை

*

அன்புள்ள செந்தில்,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். நடக்காததை வைத்துப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஜிரோவா டூரா என்பதை அவருடைய அணி பார்த்துக்கொள்ளும். உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் ‘பழையபடி’ என்ற சொல். போன மாதம் என் உறவினர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பார்க்க வந்த அத்தனை பேரும் அவரிடம் கேட்டது, “எப்ப பழையபடி எந்திரிச்சு நடப்பீங்க?” ஒவ்வொரு முறையும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து இந்தச் சொல் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பெர்னால் பழையபடி ஆவாரா என்கிறீர்கள். எந்தப் பெர்னால்? 2019இல் 22 வயதில் டூர் டி பிரான்ஸை வென்று, கொலம்பியாவுக்கு முதல் டூர் பட்டத்தைக் கொண்டுபோன பையனா? அடுத்த வருடமே முதுகு வலி தாங்காமல் அதே டூரிலிருந்து பாதியில் இறங்கிப் போனாரே, அவரா? 2021இல் ஜிரோவை வென்றவரா? விபத்துக்கு முன்பே மூன்று பெர்னால்கள் இருந்தார்கள். நாம் நமக்குப் பிடித்த ஒருவரைப் பொறுக்கி எடுத்து, இவர் மாதிரி திரும்பி வா என்கிறோம்.

2022 ஜனவரி 24 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். பொகோட்டாவுக்குப் பக்கத்தில் காச்சன்சிபா. டைம் டிரையல் (தனியாளாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டம்) சைக்கிளில், முன்கைகளைக் கம்பியில் கிடத்தித் தலையைத் தாழ்த்திய நிலையில் பயிற்சி. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம். முன்னால் ஒரு பஸ் நிற்கிறது. அதன் பின்பக்கத்தில் நேராகப் போய் மோதினார். வலது தொடை எலும்பு, வலது முழங்கால் சில்லு, முதுகெலும்புக் கண்ணிகள், விலா எலும்புகள், ஒரு பல். நுரையீரலும் சேதம். இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோக 95 சதவீதம் வாய்ப்பு இருந்தது என்று பிறகு அவரே சொன்னார். அப்போது அவருக்கு 25 வயது முடிந்து 11 நாள்.

உங்கள் தம்பிக்கு உடைந்ததும் வலது தொடையும் முழங்கால் சில்லும்தான். அதனால்தான் பெர்னால் உங்கள் மனதில் இப்படி ஒட்டிக்கொண்டார். உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அன்பை எடுத்துத் தம்பியை அடிக்கிறீர்கள், செந்தில்.

மன உறுதியாம்! பெர்னால் விழுந்த மாதத்தில்தான் அவருடைய அணி அவரை ஐந்து வருடத்துக்கு, 2026 வரைக்கும், புதிதாக ஒப்பந்தம் செய்திருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் சம்பளத்தைப் பற்றிய பயம் இல்லை. மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பயிற்சியாளர், சமையல்காரர் என்று அவரைச் சுற்றி ஒரு படையே உண்டு. காலையில் எழுந்து தன் காலைக் கவனிப்பதுதான் அவருடைய வேலை, அதற்குத்தான் சம்பளம். அந்த மனிதரின் உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. கழுத்திலும் முதுகிலும் கத்தி வைத்த பிறகு அதே சைக்கிளில் ஏறி உட்கார எனக்குத் தைரியம் வராது. ஆனால் உங்கள் தம்பி பிசியோதெரபிக்கு எப்படிப் போகிறான்? யாருடைய வண்டியில்? ஒரு தடவைக்கு எவ்வளவு செலவு, அதை யார் கொடுக்கிறார்கள், கொடுக்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது? படிப்போ வேலையோ என்ன ஆயிற்று? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெர்னால் ஜெயித்த தேதியெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

‘எலும்பு கூடிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் இதோடு வைத்தியம் முடிந்தது. எலும்பு பாதிதான் ஐயா! தொடைச் சதை சில வாரம் அசையாமல் கிடந்தாலே வற்றிப்போகும். திரும்ப அதை ஏற்ற மாதக்கணக்கில் ஆகும். சில்லு உடைந்த முழங்கால் மடங்க மறுக்கும். இதில் சைக்கிள்காரனின் பாடு தனி. நிமிடத்துக்கு 90 முறை பெடல் சுற்றினால் ஐந்து மணி நேரத்தில் 27,000 முறை. ஒரு கால் கொஞ்சம் குறைவாக அழுத்தினாலும், இடுப்பு கொஞ்சம் சாய்ந்தாலும், அந்தக் கோணல் 27,000 முறை அதே மூட்டில் போய் உட்காரும். பெர்னால் ஏழு மாதத்துக்குள் டென்மார்க் பந்தயத்தில் திரும்பி வந்தார், உலகமே கைதட்டியது. அடுத்த ஜனவரியில் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் பந்தயத்தை முழங்கால் வலியால் முடிக்காமல் விலகினார். அந்த வீடியோவைத் தம்பிக்கு அனுப்பினீர்களா?

2023 டூரில் 36ஆவது இடம். 2024 டூரில் 29ஆவது. ஒரு காலத்தில் வென்ற பந்தயத்தில் 36ஆவதாக வந்துசேர்வது எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. 2025 பிப்ரவரியில் கொலம்பிய தேசிய பட்டங்கள் இரண்டையும், சாலைப் பந்தயம், டைம் டிரையல் என்று, வென்றார். அதே மாதம் ஸ்பெயினில் விழுந்து காறை எலும்பு உடைந்தது. எழுந்து வந்து மே மாத ஜிரோவில் 7ஆவது. ஒரு சீசனைத் திட்டம் போட்டு, அது உடைந்து, மிச்சத்தை வைத்து மறுபடி திட்டம் போட்டு, இப்படியே மூன்று வருடம். உங்கள் ரசிகர் கூட்டம் இந்த வருடங்களை வேகமாக ஓட்டிவிட்டு வெற்றிக்கு வந்துவிடுகிறது.

சரி, அந்த வெற்றியைத்தான் பார்ப்போமே. செப்டம்பர் 9, வுவெல்டாவின் 16ஆவது ஸ்டேஜ், மோஸ் என்ற ஊர் நோக்கி. மலை உச்சியில் முடிய வேண்டிய பந்தயம். வழியில் பெரிய போராட்டம் நடந்ததால், ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடைசி 8 கிலோமீட்டரை வெட்டி முடிவை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். கடைசியில் இரண்டே பேர், பெர்னாலும் மிகேல் லாண்டாவும். லாண்டா யார்? நான்கு மாதம் முன்பு ஜிரோவின் முதல் நாளே அல்பேனியாவில் விழுந்து முதுகெலும்பில் முறிவு கண்டவர். முதுகு உடைந்து கூடிய இரண்டு பேர், காலையில் இல்லாத ஒரு கோட்டை நோக்கி முழு மூச்சில் மிதிக்கிறார்கள். பெர்னால் முந்தினார். ஐரோப்பாவில் 2021 ஜிரோவுக்குப் பிறகு அவருடைய முதல் வெற்றி. நானும் கலங்கித்தான் போனேன். ஆனால் எனக்கு அப்போது கண்ணில் வந்து நின்றது எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரை.

என் அண்ணன் வாலிபால் ஆடுவார். ஊரில் அவர் எகிறி அடிப்பதைப் பார்க்கவே கூட்டம் வரும். 1991இல் சைக்கிளில் வரும்போது வேன் தட்டித் தொடை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்கப் போட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது முழங்கால் கட்டை மாதிரி நின்றது. பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் எளிய முறை ஒன்று சொன்னார். தரையில் காலை நீட்டி உட்கார், குதிகாலைத் தரையோடு உரசி உன் பக்கம் இழு. அவ்வளவுதான். அண்ணன் வேட்டியை வாயில் கடித்துக்கொண்டு இழுப்பார். குதிகால் வந்து நிற்கும் இடத்தில் அம்மா சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள், பக்கத்தில் தேதி. முதல் வாரம் விரல் கனத்துக்கு ஒரு கோடு. அப்புறம் நெருக்கி நெருக்கி. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸைக் கொடுத்துவிட்டுக் குனிந்து கோடுகளைப் படிப்பார்கள். “பரவால்லையே, சீக்கிரம் கோர்ட்டுல பாக்கலாம்.”

ஒரு நாள் குதிகால் முந்தைய கோட்டைத் தொடவில்லை. மறுநாளும் இல்லை. அண்ணன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் உட்காரவே மறுத்துவிட்டார். பயந்தாங்கொள்ளி என்று சொன்னேன். எனக்கு அப்போது 14 வயது. அவர் ஆடியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவூட்டினேன், நீங்கள் வீடியோ அனுப்புகிற மாதிரி. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகை இன்றும் மறக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா ஈரத்துணியோடு வந்து தரையை ஒரு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். எல்லாக் கோட்டையும், தேதிகளையும் சேர்த்து. ஒரு வார்த்தை பேசவில்லை. தரை காய்ந்ததும் அண்ணனுக்கு எதிரே தானும் காலை நீட்டி உட்கார்ந்து, ‘எனக்கும் முட்டி வலிக்குது, வா’ என்றாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். சாக்பீஸ் அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணன் பிறகு எகிறி அடிக்கவில்லை. கீழே உட்கார்ந்து சாப்பிட நான்கு மாதம் ஆனது.

சைக்கிளைக் கூடத்திலிருந்து எடுத்து மாடியில் வையுங்கள். தார்ப்பாயை அவன் போட்டிருந்தபடியே போடுங்கள், எடுக்க வேண்டியவன் அவன். ஒன்பது மாதம் கழித்தும் சைக்கிளைத் தொடாமல் இருக்கிறான் என்றால் லாரிச் சத்தம் அவனுக்குள் இன்னும் கேட்கிறதோ என்னவோ. அதற்கும் மருத்துவர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போங்கள். பிசியோதெரபிக்கு நீங்களே அழைத்துப் போங்கள், வாசலில் இறக்கிவிட்டுப் போகாமல் உள்ளே உட்காருங்கள். வலிக்கிறதா என்று கேளுங்கள். எவ்வளவு மடங்குகிறது என்று கேட்காதீர்கள்.

பெர்னால் இன்னொரு டூர் வெல்வாரா என்றால், மாட்டார் என்றே நினைக்கிறேன். 2020லிருந்து 2025 வரை டூரை போகாச்சரும் விங்கெகோரும் தவிர வேறு யாரும் வெல்லவில்லை. வென்றாலும் வெல்லாவிட்டாலும் அவர் ஓடுகிற நாளெல்லாம் நான் பார்ப்பேன்.

இந்தப் பதிலையும் தம்பிக்கு அனுப்பிவிடாதீர்கள்.