கோயில் தெரு வழியாகச் சந்தனக்கூடு போகக்கூடாதா?

கேள்வி: எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. தர்காவின் கந்தூரி விழாவில் ஊர்வலமாக வரும் சந்தனக்கூடு என் தாத்தா காலத்திலிருந்தே கடைவீதி, வடக்குத் தெரு வழியாகத்தான் சுற்றி வருகிறது. வடக்குத் தெருவில் எல்லாம் இந்துக் குடும்பங்கள், கூட்டுக்கு முதல் மாலை போடும் குடும்பமும் அங்கேதான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அந்தத் தெருவில் ஒரு பிள்ளையார் கோயில் கட்டினார்கள். கோயில் இருக்கும் தெருவில் கூடு வரக்கூடாது என்று இந்த வருடம் சில இளைஞர்கள் தாசில்தாரிடம் மனு கொடுத்துவிட்டார்கள். சமாதானக் கூட்டத்தில், "வேறு வழியில் போகிறோம் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். கொடுக்காவிட்டால் இரண்டு தரப்பு மேலும் 107-ஆம் பிரிவு போடுவோம் என்கிறார் இன்ஸ்பெக்டர். கையெழுத்துப் போடலாமா?
- தர்கா கமிட்டிச் செயலாளர்

பதில்: போடாதீர்கள். குறைந்தது, அந்தத் தாளில் இப்போது இருக்கிற வாசகத்துக்குப் போடாதீர்கள்.

சமாதானக் கூட்டத்துத் தாள் கோர்ட் தீர்ப்பு அல்ல, அதனால் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் அடுத்த வருடம் நீங்கள் பழைய வழியைக் கேட்கும்போது, "போன வருடம் நீங்களே ஒப்புக்கொண்டீர்களே" என்று அதே தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஏதோ நெருக்கடியில் இந்த வருடம் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தால், "இந்த ஆண்டுக்கு மட்டும், எங்கள் வழக்கமான பாதைக்கான உரிமைக்குப் பாதகமில்லாமல்" என்று உங்கள் கையால் எழுதிவிட்டு அதன் கீழே கையெழுத்திடுங்கள். தாளின் நகலையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பொதுச் சாலையில் மத ஊர்வலம் போகும் உரிமை இங்கே நூறு வருடமாக ஏற்கப்பட்ட ஒன்று. 1925-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த மன்சூர் ஹசன் வழக்கில், அன்றைக்கு நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலே, ஊர்வலத்தை அதற்குரிய சடங்குகளோடு பொதுவழியில் கொண்டுபோக ஒவ்வொரு பிரிவினருக்கும் உரிமை உண்டு, மாஜிஸ்திரேட்டின் சட்டப்படியான உத்தரவுக்கும் மற்றவர்கள் சாலையைப் பயன்படுத்தும் உரிமைக்கும் அது உட்பட்டது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு ஷியா, சன்னி முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்தது. பின்னால் வந்த அரசியலமைப்பின் 25, 26-ஆம் பிரிவுகளும் இந்த உரிமையைத் தருகின்றன, பொது ஒழுங்குக்கு உட்பட்டு.

உங்களுக்கு மிகவும் உதவப்போவது நம் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் கொடுத்த வி.களத்தூர் தீர்ப்பு. பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிற அந்த ஊரில் கோயில் ஊர்வலம் 2011 வரை தடையில்லாமல் நடந்திருக்கிறது, 2012-லிருந்து முஸ்லிம்கள் அதிகமாக வாழும் தெருக்களில் அதற்கு எதிர்ப்பு வந்தது. ஒரு பகுதியில் ஒரு மதத்தினர் அதிகம் வாழ்கிறார்கள் என்பதற்காக இன்னொரு மதத்தின் ஊர்வலத்தை அங்கே தடுக்க முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை, இந்த எதிர்ப்பை ஏற்றுக்கொண்டால் நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எந்த விழாவும் நடத்த முடியாமல் போய்விடும் என்றும் காரணம் காட்டினார்கள். இந்தத் தீர்ப்பை இந்துக்களுக்குக் கிடைத்த வெற்றி என்று மட்டுமே பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள், அது எனக்கு வருத்தம். களத்தூரில் கோயில் ஊர்வலத்துக்குத் திறந்த அதே சாலைதான் உங்கள் ஊரில் சந்தனக்கூட்டுக்கும் திறந்திருக்கிறது. எதிர்த்தரப்பு இளைஞர்களுக்கு இந்தத் தீர்ப்பின் நகலை நீங்களே கொடுங்கள் என்று சொல்வேன்.

போலீஸ் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது இரண்டும் உண்டு. நேரம், கூட்டத்தின் அளவு, எங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதையெல்லாம் அவர்கள் ஒழுங்குபடுத்தலாம். கலவரம் வரும் என்ற அவசர நிலையில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 163-ஆம் பிரிவின்படி (பழைய 144) தடையும் போடலாம், ஆனால் அது சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. அதை வைத்து ஒரு பாதையை நிரந்தரமாக மூடவும் முடியாது. 1981-ல் குலாம் அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப்படி உரிமை உள்ளவரைத் தடுப்பதைவிட அதற்குக் குறுக்கே வருபவரைக் கட்டுப்படுத்துவதே அதிகாரியின் முதல் கடமை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த இன்ஸ்பெக்டர் சொல்லும் 107 இப்போது பி.என்.எஸ்.எஸ். 126. அது தண்டனையோ குற்றவழக்கோ இல்லை. அமைதி காப்பேன் என்று அதிகபட்சம் ஒரு வருடத்துக்குப் பிணைப்பத்திரம் ஏன் எழுதி வாங்கக்கூடாது என்று நிர்வாக மாஜிஸ்திரேட் கேட்பார், நேரில் போய்ப் பதில் சொல்லலாம். அதற்குப் பயந்து எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் பக்கம் பலவீனமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். சந்தனக்கூடு பெரும்பாலும் ராத்திரி கிளம்பி விடியற்காலை வரை போகும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, திறந்த வெளியில் மேளதாளமும் கூடாது. வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு விலக்கு தரலாம், அவ்வளவுதான். சென்னையில் ஒரு தேவாலயம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கி வைத்து மற்றவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது. ஆகவே வடக்குத் தெருவை 10 மணிக்குள் கடந்துவிடுகிறோம், கோயில் வாசலில் வாணவேடிக்கை இல்லை, பூஜை நேரத்தில் கொட்டு நிறுத்தப்படும் என்று நீங்களாகவே மனுவில் எழுதிவிடுங்கள். இதைக் கேட்டால் உங்கள் ஆட்களில் சிலர் கோபப்படுவார்கள், ஆனாலும் எழுதுங்கள். பாதைக்கு உங்களிடம் உரிமை இருக்கிறது, நடுராத்திரி கொட்டுக்கு இல்லை.

இப்போதே செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது. பழைய கந்தூரி நோட்டீஸ்கள், முந்தைய வருடங்களின் போலீஸ் அனுமதிக் கடிதங்கள் (உங்களிடம் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாள் ஆகும்), கூடு உயரமாக இருப்பதால் மின்சார வாரியத்தில் லைனை நிறுத்தச் சொல்லிப் பணம் கட்டிய ரசீதுகள், தெருவின் அடையாளம் தெரியும் போட்டோக்கள். எல்லாவற்றையும்விட முதல் மாலை போடும் அந்த இந்துக் குடும்பத்தின் வாக்குமூலம் பெரிது. நாகூரின் 131 அடி பெரிய மனாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். உங்கள் ஊர்க் குடும்பம் செய்துவருவதும் அந்த வழிமுறைதான், அவர்களைக் கூப்பிட்டு அடுத்த சமாதானக் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

அனுமதி மனுவை டி.எஸ்.பி.க்குக் கொடுத்து எஸ்.பி., ஆர்.டி.ஓ., கலெக்டருக்கு நகல் அனுப்புங்கள், பதிவுத் தபால் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம், எதிர்க்கும் தரப்பையும் அதில் எதிர்மனுதாரராகச் சேருங்கள். முதல் ரிட்டில் பல சமயம் "மனுவைப் பரிசீலித்து உத்தரவிடுங்கள்" என்று மட்டுமே போலீசுக்குச் சொல்லி முடித்துவிடுவார்கள். அதன்பின் போலீஸ் மறுத்தால் மறுபடி கோர்ட்டுக்குப் போக நாள் வேண்டும். கடைசி வாரத்தில் ஓடி வராமல் ஒரு மாதம் முன்பே வக்கீலைப் பாருங்கள். தர்கா வக்ஃபில் பதிவானது என்றால் அதன் நிர்வாகியான முத்தவல்லியும் மனுதாரராக இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் மிரட்டலோ மதத்தை இழிவுபடுத்தும் பதிவோ வந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுங்கள், புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ன் 196, 299 பிரிவுகள் இரண்டும் அதற்கு இருக்கின்றன. உங்கள் பையன்கள் யாரும் பதிலுக்கு ஒரு வரிகூடப் போடக்கூடாது, அதே பிரிவுகள் அவர்கள் மேலும் பாயும்.

அப்புறம் ஒன்று. அந்தப் பிள்ளையார் கோயிலுக்கு ஊர்வலம் இருந்தால் அது பள்ளிவாசல் தெரு வழியாக வருவதற்குக் கமிட்டிக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று சமாதானக் கூட்டத்திலேயே எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளில் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.