ஸ்லம்ப், ஸ்லவுச்: இரண்டும் ஒன்றா?

நீங்கள் மொழிபெயர்க்கும் ஆங்கிலக் கதையில் அப்பா நாற்காலியில் 'ஸ்லம்ப்' (slump) ஆகிறார், மகன் சோபாவில் 'ஸ்லவுச்' (slouch) செய்கிறான், அகராதியைப் பார்த்தால் இரண்டுக்கும் 'சாய்ந்து உட்கார்' என்றே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சரி, அகராதியை மூடிவிட்டு உடம்பைக் கவனியுங்கள்.

ஸ்லம்ப் என்பது பொத்தென்று விழுவது. களைப்போ, கெட்ட செய்தியோ, மயக்கமோ, உடம்பில் பிடிமானம் போய்விடுகிறது. விலை சட்டென்று விழுவதற்கும் இதே சொல்தான். அப்பாவுக்கு 'நாற்காலியில் சரிந்தார்' பொருந்தும்.

ஸ்லவுச் அப்படியில்லை. தோள் தொங்க, முதுகு வளைய இருப்பது. நின்றபடியும் நடந்தபடியும்கூடச் செய்யலாம். சொல்பவரின் லேசான கண்டிப்பும் அதில் ஒட்டியிருக்கும். "கூன் போடாம நிமிர்ந்து உட்காருடா" என்று வீட்டில் அதட்டுவார்களே, அதே நிலைதான். மகனுக்கு 'கூன் போட்டு உட்கார்ந்திருந்தான்' என்று எழுதுவேன்.

கதையில் பின்னால் ஸ்ப்ரால் (sprawl) என்ற சொல் வந்தால், அது கை கால் பரப்பி இடத்தை அடைத்துக் கிடப்பது. லவுஞ்ச் என்றால் ஹாயாகச் சாய்ந்திருப்பது, அதில் குறை சொல்லும் தொனி பெரும்பாலும் இராது. ரிக்ளைன் வெறுமனே பின்னால் சாய்வது, பஸ்ஸில் புஷ்பேக் சீட் மாதிரி.

அப்புறம் ஒன்று: 'ஹீ இஸ் நோ ஸ்லவுச்' என்று எங்காவது வந்தால் முதுகைத் தேடாதீர்கள். ஆள் கெட்டிக்காரர் என்று அர்த்தம். நானே ஒருமுறை அதை 'கூன் இல்லாதவன்' என்று எழுதி மாட்டிக்கொண்டேன்.