பங்கு பிரிப்பதா, பக்கத்து நிலத்தைச் சேர்ப்பதா?

கேள்வி: நிபோங் திபால் பக்கம் அப்பா விட்டுப்போன 7 ரெலோங் செம்பனை நிலம், பிள்ளைகள் ஐந்து பேர் பெயரிலும் பிரிக்காமல் இருக்கிறது. பெரியண்ணன் போன வருஷம் தவறிவிட்டார். பக்கத்து லோட்டை (நிலத் துண்டை) வாங்கி இதோடு சேர்த்துவிடலாம் என்கிறான் தம்பி. முதலில் பங்கைப் பிரியுங்கள் என்கிறார்கள் அக்கா இருவரும். என்ன செய்வது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, என் மனசு உங்கள் தம்பி பக்கம்தான். ஆனால் பக்கத்து லோட்டைப் பேசுவதற்கு முன் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது இருக்கிறது.

7 ரெலோங் என்றால் ஏறக்குறைய 5 ஏக்கர், அதாவது 2 ஹெக்டர். ஆளுக்கு 0.4 ஹெக்டர் வரும். மலேசியாவின் தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை அதற்குக் கீழே துண்டு போட முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் போய்வர வழியும் காட்ட வேண்டும். பாதைக்காக ஒரு வரிசை மரத்தை எடுத்தாலே அளவு குறைந்துவிடும். அப்படியே பிரித்தாலும், ஒரு ஏக்கருக்குக் குலை வெட்ட ஆளும் லாரியும் தேடி அலைவது யார்?

சேர்ப்பதும் லேசில்லை. ஒட்டியிருக்கும் இரண்டு லோட்டும் ஒரே உரிமையாளர் கையில் இருந்தால்தான் ஒரே பட்டாவாக்க விண்ணப்பிக்கலாம். தம்பி தன் பெயரில் மட்டும் வாங்கினால், பட்டா இரண்டாகவே நிற்கும்.

ஆகவே பெயர்களைக் குறையுங்கள். அண்ணன் பங்கிலிருந்து தொடங்குங்கள். உயிலும் இல்லை, அம்மாவும் உயிரோடு இல்லையென்றால் அண்ணிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இதை அப்படியே விட்டால் ஐந்து பெயர் எட்டாகும், அடுத்த தலைமுறையில் இருபதாகும். அப்புறம் மறுநடவுக்கு ஒரு கையெழுத்து வாங்கவே ஊர் ஊராக அலைய வேண்டும். பிள்ளைகள் பெரியவர்கள் என்றால், வாரிசு விசாரணையின்போதே எல்லாரும் சம்மதித்து அந்தப் பங்கை ஒரே பெயருக்கு மாற்றலாம்.

அக்காமாரின் பங்கைத் தம்பி வாங்கட்டும், நியாயமான மதிப்பீட்டு விலையில். உடன்பிறந்தவர்களுக்குள் மாற்றினாலும் முத்திரை வரிச் சலுகை கிடையாது. அதையும் கணக்கில் சேருங்கள். அக்காமாருக்கு விற்க மனசில்லையா? சரி, வற்புறுத்தாதீர்கள். நிலம் முழுவதையும் தம்பிக்குக் குத்தகைக்கு விட்டால் இரண்டு லோட்டையும் அவர் ஒன்றாகப் பராமரிக்கலாம். 3 வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம்.

பேச்சே எடுபடாவிட்டால் கூட்டுரிமையை முடித்துவைக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகத் தேசிய நிலச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு இடம் தருகிறது. அது கடைசி வழி. அதற்குள் தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது பட்டாவின் நகலை வைத்துக்கொண்டு ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள், அண்ணியையும் கூப்பிட்டு.