காசிக்கு எத்தனை பங்கு?

கேள்வி: 'சுப்ரமணியபுரம்' படத்தை மறுபடியும் பார்த்தேன். காசுக்காகக் காசி தன் கூட்டாளி பரமனைக் காட்டிக்கொடுப்பது மட்டும் மனதில் ஒட்டவே இல்லை. எங்கள் பக்கம் ஒரே போட்டில் போனவன் கூட்டாளியை விற்க மாட்டான். அதெல்லாம் மதுரையில் நடக்கும். சரிதானே?
– ஒரு வாசகர், பாம்பன்

பதில்: சரியில்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள். காசி வாயைத் திறந்தபோதெல்லாம் சிரித்தீர்களா, இல்லையா? நானும்தான் சிரித்தேன். காசியாக நடித்த கஞ்சா கருப்பு வந்தால் சிரிக்க வேண்டும் என்று பழகிப்போயிருந்தோம். 2008இல் இயக்குநர் சசிகுமார் அந்தப் பழக்கத்தின் மேல்தான் கத்தியை வைத்தார். படத்தின் 1980 மதுரையில், அந்த நண்பர் கூட்டத்தில், அழகருக்குப் பரமன், பரமனுக்கு அழகர். காசிக்கு யார்? அவன் விலைபோன காட்சியில் நமக்குத் தூக்கிவாரிப்போட்டதென்றால், அதுவரை அவனை ஓர் ஆளாகவே நாம் கணக்கில் வைத்திருக்கவில்லை.

போட்டில் இருக்கும் ஒற்றுமை பற்றிப் பெருமைப்படுகிறீர்கள். தண்ணீரில் இருக்கும்வரை உண்மைதான். வேறு வழி கிடையாது. கரைக்கு வந்து, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்து, சம்மாட்டி (போட்டு முதலாளி) பங்கு போக மிச்சத்தைப் பிரிக்கிறார்களே, அப்போது மீனைப் பார்க்காதீர்கள், முகங்களைப் பாருங்கள். ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் யார் யாரிடம் கைமாற்று கேட்டார், யார் 'இல்லை' என்றார் என்பதெல்லாம் ஜூன் மாதம் கடலுக்குப் போகும்போது போட்டிலேயே ஏறிக்கொள்ளும்.

உங்கள் பக்கத்து ஊர் மண்டபத்துக்கு அருகில் ஒரு டீக்கடை. முந்தின நாள் கடல் அட்டை மூட்டை பிடிபட்டிருந்தது. (2001இலிருந்து அட்டை பிடிப்பதே குற்றம். ஆனாலும் இருட்டில் போகிறது.) தகவல் கொடுத்தது யார் என்பதுதான் ஊர்ப் பேச்சு. பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் வழக்கம்போல இரண்டு டீ சொன்னார். மற்றவர் குடித்து முடித்து, தன் டீக்கு மட்டும் சில்லறையை எண்ணிக் கல்லாவில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இருவது வருசமா இவுக காசு குடுத்து நான் பாத்ததில்லண்ணே" என்றார் கடைக்காரர்.

தகவல் சொன்னது இவர்களில் ஒருவரா, மூன்றாவது ஆளா, யாருமே இல்லையா, தெரியாது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரத்தம் இல்லை, பின்னணி இசை இல்லை. இதைப் படமாக எடுக்க உங்கள் கடற்கரைக்கு யாராவது வந்தால், அருவாளைத் தேடாமல் அந்தச் சில்லறையைத் தேடட்டும்.

படத்தை இன்னொரு தடவை பாருங்கள், காசி பேசும்போது சிரிக்காமல். அப்புறமும் ஒட்டவில்லையென்றால் எழுதுங்கள். ஒட்டினால் மதுரைக்காரர்களுக்கு ஒரு கார்டு போட்டுவிடுங்கள்.