பழசா, பழசு மாதிரியா? வாசகர் கேள்வி – பதில்

பழைய பொருள் வாங்குவது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய பாரிமுனைக்கு வடக்கே இருந்துதான். முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

சார், பழைய வண்ணாரப்பேட்டையில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கிறோம். பித்தளை அண்டா, எனாமல் தட்டு, அடுக்கு டிபன் கேரியர் என்று வீட்டைக் கொஞ்சம் ரெட்ரோவாக வைக்க ஆசை. ஆன்லைன் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. நம்ம பக்கத்தில் எங்கே போகலாம்? – வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

முதலில் ஒன்றை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் அம்மா, உங்களுக்கு வேண்டியது பழசா, பழசு மாதிரியா? பழசு மாதிரி வாங்குவதில் எந்த அவமானமும் இல்லை. புது எனாமல் தட்டும் அழகாகத்தான் இருக்கிறது, புதுசு விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். புதுசை அமிலத்தில் முக்கி எடுத்து, ‘ஆன்டிக்’ என்று பெயர் வைத்து நாலு மடங்கு கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும்.

நிஜமான பழசு வேண்டுமென்றால் ஆன்டிக் கடைக்கு முன்னால் பாத்திரக்கடைக்குப் போங்கள். மிண்ட் தெரு, அதை ஒட்டிய சந்துகள், இல்லை உங்கள் ஏரியா பாத்திரக்கடையே போதும். பழைய பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்படி வந்ததெல்லாம் கடைக்குப் பின்னால் ஒரு மூலையில் உருக்கப் போவதற்காகக் கிடக்கும். “அண்ணே, பழசு ஏதாவது இருந்தா பார்க்கட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள், எடை விலைக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் தந்துவிடுவார்கள். காயலான் கடையிலும் இதே கதைதான், அங்கே பொறுமை கூடுதலாக வேண்டும்.

பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். நாற்பது ஐம்பது வருஷம் புழங்கிய அண்டா அடி விளிம்பிலும் கைபிடிக்கும் இடத்திலும்தான் தேய்ந்திருக்கும், மற்ற இடங்களில் அவ்வளவு இருக்காது. உள்ளே வெளியே எல்லாம் ஒரே மாதிரி பச்சையும் கருப்பும் பூத்திருந்தால் அது யாரோ பூக்க வைத்தது. கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தால் விடாதீர்கள். சீர் கொடுத்த பெண்ணின் இனிஷியல், சில சமயம் தேதிகூட இருக்கும். சில கடைக்காரர்கள் அதைக் குறையாக நினைத்து விலையைக் குறைப்பார்கள், நமக்கு நல்லதுதான்.

சமைக்கப் போகிறீர்கள் என்றால் ஈயம் பூசாமல் புளி, தக்காளி எதையும் அதில் வைக்காதீர்கள். நவச்சாரம் போட்டு ஈயம் பூசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், பித்தளை விற்கிற கடைக்காரரிடமே கேட்டால் ஆளைச் சொல்வார்.

அப்புறம் ஈயச்சொம்பு. ரசத்துக்கு வாங்கினால் அது வெள்ளீயமாக (டின்) இருக்க வேண்டும், பித்தளையில் பூசுவதும் இதுதான். காரீயம் (லெட்) விஷம். காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், அதை வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும். நல்ல வெள்ளீயத் துண்டை வளைத்தால் கிறீச் என்று ஒரு சத்தம் வரும், ஆனால் கடையில் சொம்பை வளைத்துப் பார்க்க விடமாட்டார்கள் இல்லையா! அதனால் சந்தேகம் இருந்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், அடுப்பில் ஏற்ற வேண்டாம். நல்ல வெள்ளீயமே 232 டிகிரியில் உருகிவிடும், காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போனால் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது.

மூர் மார்க்கெட் இப்போதும் இருக்கிறதா? தாத்தா அங்கே கிராமபோன் தட்டு வாங்கிய கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். – கல்லூரி மாணவர், வியாசர்பாடி

தாத்தா சொல்கிற மூர் மார்க்கெட் 1900-இல் திறந்தது, 1985 மே மாதத் தீ விபத்தில் போய்விட்டது. சென்ட்ரலில் இப்போது புறநகர் ரயில் ஏறுகிறீர்களே, அந்த இடம்தான். பெயர் மட்டும் ரயில்வே கட்டடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். பழைய புத்தகத்துக்கு இன்றும் அங்கே போகலாம். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேரம் அவர் பேசட்டும்.

பித்தளைக் கொம்பு வைத்த எச்.எம்.வி. கிராமபோன், 1920-ஆம் வருஷத்து ஒரிஜினல் என்று சொல்லி 12,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா அண்ணே? – வாசகர், கொருக்குப்பேட்டை

வேண்டாம் தம்பி. நான் பார்க்காமலே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பளபளவென்று மெல்லிய பித்தளைக் கொம்பு, எட்டுப் பட்டைப் பெட்டி, முன்னால் நாய்ப்படம் போட்ட புதுத் தகடு – இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அது ஏதோ ஒரு பட்டறையில் சேர்த்துக் கட்டியது. உள்ளே மோட்டார் மட்டும் ஏதாவது பழைய பெட்டி கிராமபோனிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். நம்ம நாட்டில் செய்து உலகம் முழுக்க அனுப்புகிற சரக்கு இது, வெளிநாட்டுக்காரர்கள் இதற்குக் கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஹாலில் அலங்காரத்துக்குப் போதும் என்றால் அலங்காரப் பொருளின் விலையைக் கொடுங்கள், 1920-க்குக் கொடுக்காதீர்கள்.

பாட்டு கேட்க வேண்டும் என்று ஆசை இருந்தால் கொம்பை மறந்துவிட்டு சூட்கேஸ் மாதிரி மூடுகிற பெட்டி கிராமபோனைத் தேடுங்கள். எச்.எம்.வி.யின் 102 மாடல் 1930களின் ஆரம்பத்திலிருந்து 1950களின் கடைசி வரை வந்தது. கொம்பு வெளியே தெரியாததால் போட்டோவுக்கு எடுபடாது, அதனாலேயே போலி பண்ணுகிறவர்களுக்கு இதில் அக்கறை குறைவு. கடைக்குப் போகும்போது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய தட்டு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். முழுசாகச் சாவி கொடுத்து ஒரு பக்கம் போடச் சொல்லுங்கள், மூன்று நிமிஷத்துச் சொச்சம் சுருதி இறங்காமல் ஓட வேண்டும். தட்டுக்கு அடியில் துண்டுக் காகிதம் ஒன்றை நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து அரை நிமிஷம் எண்ணுங்கள், 39 சுற்று வந்தால் வேகம் சரி. பாதியில் இழுத்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், இல்லை உள்ளே கிரீஸ் இறுகியிருக்கலாம். சரி பண்ணக்கூடியதுதான், ஆனால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

இரும்பு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். முள்ளு விலை அதிகமில்லை, தட்டுதான் திரும்பக் கிடைக்காது. பிற்காலத்து எல்.பி. இசைத்தட்டை இதில் போட்டுவிடாதீர்கள், ஒரே ஓட்டத்தில் பள்ளத்தையே சீவிவிடும்.

ஆயிரம் ரூபாய்க்கு எச்.எம்.டி. பைலட் வாட்ச், ஆரஞ்சு டயல், புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது. நம்பலாமா? – வாசகர், பெரம்பூர்

புத்தம் புதுசு மாதிரி இருப்பதுதான் பிரச்சினை. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுடன் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த அரசு நிறுவனம், வாட்ச் பிரிவை மூட 2016-இல் முடிவெடுத்தார்கள். அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் பாசம் பொங்கியது! பழைய மிஷினை எடுத்து, டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கிற கலரில் புதுப் பெயின்ட் அடித்து விற்கிற தொழில் நன்றாகவே நடக்கிறது. லென்ஸ் வைத்து எழுத்தைப் பாருங்கள். கம்பெனி அச்சு கூர்மையாக இருக்கும், மறு பெயின்ட் எழுத்து தடித்து, ஓரம் கசங்கி, நிமிஷக் கோடுகள் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். தினமும் கட்டிக்கொண்டு போக மட்டும்தான் என்றால் சாவி கொடுக்கிற அந்த மிஷின் உழைக்கும், ஆயிரத்துக்கு மோசமில்லை. சேகரிப்புக்கு வேண்டாம். அதற்கு வயதாகி மஞ்சளாகிப் போன டயலோடு எச்.எம்.டி.யின் ஜனதா மாடல் ஒன்று கிடைத்தால் அதை எடுங்கள், பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள்.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா எங்கள் வீட்டில் இருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்கள். – வாசகர், ராயபுரம்

போகாது. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை, பிற்காலத்தில் யாரோ அடித்த டோக்கன். பூஜையறையில் இருக்கட்டும். அது அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று யாராவது வந்து ‘டெஸ்ட் பண்ண’ முன்பணம் கேட்டால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

எழுபதுகள் ஸ்டைலில் பெரிய காலர் சட்டை வேண்டும். இன்ஸ்டாகிராம் த்ரிஃப்ட் பக்கங்களில் வாங்கலாமா, தைக்கலாமா? கூடவே இன்னொன்று: அம்மாவின் பழைய பட்டுப்புடவையைத் தெருவில் வருகிறவர் 800 ரூபாய்க்குக் கேட்கிறார். – கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

சட்டையைத் தைத்துக்கொள்ளுங்கள். கோடவுன் தெருவில் கட்டம் போட்ட காட்டன் எடுத்து, உங்கள் ஏரியாவிலேயே தலை நரைத்த டெய்லரிடம் கொடுத்து ‘நாய்க்காது காலர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அவர் கை பார்த்துக்கொள்ளும். பழைய துணி விற்கிற அந்த த்ரிஃப்ட் பக்கத்தில் வாங்கினால் சைஸ் எழுத்தை நம்பாமல் தோள், மார்பு அளவை இன்ச்சில் கேளுங்கள். புதுக் கட்டத் துணியை முதல் தடவை தனியாக நனைக்கவும். நம்ம மெட்ராஸ் கட்டத் துணி 1950களின் கடைசியில் அமெரிக்காவில் சாயம் போய் ரகளையாகி, கடைசியில் ‘சாயம் போகும், அதுதான் அழகு’ என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். உங்கள் ஹாஸ்டல் தோழியின் வெள்ளைச் சுடிதாரிடம் அந்த விளம்பரம் எடுபடாது.

புடவையை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். அவர்கள் புடவையை வாங்குவது கட்டிக்கொள்ள இல்லை, எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளி எடுக்க. முந்தானை ஓரத்தில் ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூலும் மேலே வெள்ளையாக உலோகமும் தெரிந்தால் நல்ல வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். செம்பு நிறம் தெரிந்தால் வேறு ரகம், பிளாஸ்டிக் மாதிரி உரிந்தால் 800 ரூபாயே லாபம். வெள்ளியாக இருந்தால் இரண்டு மூன்று கடையில் விசாரிக்காமல் விலை பேச வேண்டாம். என்னைக் கேட்டால் விற்கவே வேண்டாம். மடிப்பில் பட்டு கிழிய ஆரம்பித்திருந்தால் பார்டரை மட்டும் பிரித்தெடுத்துப் புதுக் காட்டன் புடவையிலோ ரவிக்கையிலோ வைத்துத் தைக்கலாம். கிழியவில்லையென்றால் மடிப்பை அவ்வப்போது மாற்றி வையுங்கள், நாஃப்தலீன் உருண்டை ஜரிகைமேல் படாமல் இருக்கட்டும்.

வீட்டை இடிக்கும்போது கிடைத்தது என்று ஒரு ஐம்பொன் சிலையும் தந்தப் பெட்டியும் காட்டினார்கள். மலிவு. – வாசகர், மாதவரம்

தொடாதீர்கள். தந்தம் விற்பதும் வாங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிலை நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் தொல்பொருள் சட்டத்தில் பதிவு, லைசென்ஸ் எல்லாம் வரும், கோயிலிலிருந்து திருடியதாக இருந்தால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். மலிவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

பழைய வால்வ் ரேடியோ ஒன்று காயலான் கடையில் கிடைத்தது. பிளக் போட்டுப் பார்க்கலாமா? – வாசகர், எண்ணூர்

உடனே போடாதீர்கள். உள்ளே இருக்கிற கண்டென்சர்கள் காய்ந்து போயிருக்கும், நேரடியாகக் கரண்ட் கொடுத்தால் புகைந்து டிரான்ஸ்பார்மரையும் கொண்டு போய்விடும். சில செட்டுகளில் உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்திலேயே கரண்ட் பாயும், பின்பலகை இல்லாமல் கை வைத்தால் ஆபத்து. வால்வ் செட் தெரிந்த மெக்கானிக்கிடம் முதலில் காட்டுங்கள். அவர் வரும்வரை துணியால் தூசி மட்டும் துடையுங்கள், பக்கெட் தண்ணீர் வேண்டாம்.